என் கவுனுக்கு அம்மா வைத்த கை

எங்கள் வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்ததுதான் என் சிறுவயதின் பெரிய துரதிர்ஷ்டம். மிஷின் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குக் கடைக்குப் போய், கண்ணாடி முன்னால் நின்று, பிடித்த கவுனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அம்மா தைத்தாள். கழுத்தை மூடி, முழங்காலை மூடி, முழங்கையை மூடி, அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்த வருஷத்துக்கும் சேர்த்து மடிப்பு விட்டுத் தைத்தாள். போட்டுக்கொண்டு நின்றால் உள்ளே என்னோடு இன்னொரு பிள்ளையும் நிற்கலாம். அதைச் சொன்னால், "வளருத பிள்ளைக்கு யாராவது பிடிச்சுத் தைப்பாவளா?" என்று பதில் வரும். நான் வளர்ந்து அந்தக் கவுனுக்குச் சரியாக வரும்போது அது சாயம் போய் வீட்டில் போடுகிற துணியாகிவிடும்.

அம்மா தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடையில் தொங்குகிற துணியைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம். ஓரம் அடிக்கவில்லை, நூல் மட்டம், ஒரு இழுப்பு இழுத்தால் பிரிந்து வந்துவிடும் என்று கடை வாசலில் நின்றே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அதனால் எனக்குப் பத்து வயதாகும்வரை ரெடிமேட் துணி எதுவும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. அம்மாவுக்கு அதில் பெருமை. அந்தப் பெருமை எங்கள் எல்லோரையும் படுத்திய பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் டிசம்பர் மாதம், துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த அப்பா ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பாலிதீன் பையையும் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு கவுன் இருந்தது. ரோஸ் நிற சாட்டின். இடுப்பில் அகலமான ரிப்பன். பாவாடைக்கு அடியில் விறைப்பான வலைத்துணி, அதற்கும் அடியில் லைனிங். கீழே வைத்தால் ஆள் இல்லாமலே தானாக நிற்கும் போலிருந்தது. கை மட்டும் இல்லை. தோளோடு முடிந்துபோயிருந்தது. நான் அதுவரை பார்த்ததிலேயே அழகான கவுன் அது. எனக்கென்று வந்தது என்று அப்பா சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை.

"யாரு தந்தா?" என்று கேட்டாள் அம்மா.

"தருவைகுளத்துல இருந்து," என்றார் அப்பா, கூடையைக் கழுவப் போட்டபடியே. கூடையைக் கழுவப் போடுவது அவர் வழக்கம் இல்லை.

தருவைகுளம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். அங்கேதான் சித்தி இருந்தாள், அம்மாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் போனபிறகு அம்மாதான் அவளை எங்கள் வீட்டில் வைத்து வளர்த்துக் கல்லூரியிலும் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்த சூட்டோடு சித்தி, தருவைகுளத்தில் படகு வைத்திருந்த ஒரு ஆர்.சி. வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டன்ட். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, இரண்டு பேரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே என்று தோன்றும். எங்கள் ஆட்களிடம் வந்து அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். "அவ வாசல நான் மிதிக்க மாட்டேன், என் வாசல அவளும் மிதிக்க வேண்டாம்" என்று அம்மா சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் சித்தியின் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அன்றைக்குச் சோறு குழைந்துபோகும்.

"அவளுக்கு மாசம் எட்டாகுது," என்றார் அப்பா. "தலைப்பிரசவம். அக்கா கூப்பிட மாட்டாளான்னு வாசலயே பாத்துக்கிட்டு இருக்காளாம்."

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டிலிருந்து ஆள் போய் அழைத்து வரவேண்டும். அழைக்காமல் பெண் தானாகக் கிளம்பி வந்துவிட முடியாது. சித்திக்குத் தாய்வீடு என்று சொல்ல எங்கள் வீடு ஒன்றுதான் இருந்தது. அம்மா போய்க் கூப்பிடாவிட்டால் அவள் மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். நாதியில்லாதவள் என்ற சொல்லை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும். கவுனோடு சேர்ந்து வந்தது இந்தக் கேள்விதான். எனக்குக் கேள்வி காதில் விழுந்தது, ஆனால் கண்ணில் இருந்ததெல்லாம் கவுன்.

அம்மா கவுனின் தோள்பட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள்.

"கை எங்க?"

"அது அப்படித்தான். ஸ்லீவ்லெஸ்," என்றேன் நான்.

"ஒன்ன கேக்கல." அப்பாவைப் பார்த்தாள். "பாத்தீங்களா, வேணும்னே அனுப்பியிருக்கா. எங்கிட்ட இருந்தப்ப முழங்கை வரைக்கும் கை வச்சு வச்சு தச்சுப் போட்டேம்லா, அதக் குத்திக் காட்டுதா."

அதில் கொஞ்சம் விஷயம் இருந்தது. சித்தி கல்லூரிக்குப் போன காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி கையைப் பற்றியதுதான். கையை நாலு விரல் குறைத்தால் என்ன என்று சித்தி கேட்பாள். குறைக்க முடியாது என்று அம்மா சொல்வாள். சித்தி அழுவாள். மறுநாள் முழங்கை வரை கை வைத்த சட்டையோடு கல்லூரிக்குப் போவாள்.

"சின்னப் பிள்ளைக்கு அழகா இருக்கும்னு வாங்கியிருப்பா," என்றார் அப்பா.

"கை இல்லாம இவ கோயிலுக்குப் போவாளா? அது அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் செஞ்சிருக்கா. இவளப் போயி நான் கூப்பிடணுமாக்கும்."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே ஆத்திரம் தாங்காது. கடையில் கவுன் வாங்கிய எவருக்கும் தெரிந்த விஷயம் இது. கை இல்லாமல் தொங்குகிற கவுனுக்குக் கையும் உண்டு. வெட்டித் தயாராக, அதே துணியில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, லைனிங்குக்கும் வலைத்துணிக்கும் நடுவில் ஊக்கு குத்தி வைத்திருப்பார்கள். வேண்டுமென்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். இப்போது என் மகளுக்கு நான் வாங்குகிற கவுன்களில்கூட அப்படித்தான் இருக்கிறது. அன்றும் அப்படித்தான் இருந்தது. இது தெரியாத வீடு தூத்துக்குடியிலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ரெடிமேடே வாங்காதவர்களுக்கு எங்கே தெரியும்? சித்தியோ, இதைச் சொல்லி அனுப்ப வேண்டுமா, யாருக்குத்தான் தெரியாது என்று இருந்துவிட்டாள். கவுனைத் திருப்பிப் பார்த்திருந்தாலே போதும். "கடைத் தையலத் திருப்பிப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல்தான் வரும்" என்று அம்மா திருப்பவேயில்லை.

கவுனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற பேச்சு முதலில் எழுந்தது. நான் அன்று அழுத அழுகையில் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளட்டும் என்றார் அப்பா. தூத்துக்குடி வெக்கையில் ஸ்வெட்டர். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். கடைசியில், "கை வச்சுத் தாரேன். போட்டாப் போடு, இல்லாட்டி விடு" என்று அம்மா முடித்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அந்த 'விடு'வுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

கைக்குத் துணி வேண்டுமே. சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். கை இல்லாத கவுன் தன் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியக் கூடாதாம். அதனால் கவுனை நியூஸ் பேப்பரில் சுற்றி, ஓரத்தில் ரோஸ் துணி ஒரு விரல் அளவு மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருந்தாள். அந்த ஒரு விரலைக் காட்டித்தான் துணி கேட்டாள். முதல் கடையில் இருந்தது கருஞ்சிவப்பு. அடுத்ததில் வெளிர்ந்த ரோஸ். இன்னொன்றில் ரோஸும் இல்லை, சிவப்பும் இல்லை, பீட்ரூட் கூட்டு. எனக்குக் கால் கடுத்தது. பன்னீர் சோடா கேட்டேன், கிடைக்கவில்லை.

நாலாவதாக ஏறிய கடையில் இருந்த அண்ணாச்சி பொறுமைசாலி. "பேப்பரப் பிரிங்க டீச்சர், முழுசாப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். அம்மா பிரிக்கவில்லை. அன்று பிரித்திருந்தால் அவர் உள்ளே கையை விட்டு அந்தக் கவரை எடுத்துப் போட்டிருப்பார், எங்கள் சங்கதி அங்கேயே முடிந்திருக்கும். அம்மாவின் பிடிவாதத்தைப் பார்த்துவிட்டு அவர் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு சாட்டின் உருளையை இறக்கி, கவுனின் ஓரத்தோடு வைத்தார்.

எது கவுன், எது உருளைத் துணி என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதே நிறம், அதே பளபளப்பு. அண்ணாச்சிக்கே ஆச்சரியம். "இதுக்கு மேல ஒட்டணும்னா கவுன் தச்ச துணியையேதான் கொண்டுவரணும் டீச்சர்," என்றார்.

அம்மா துணியைத் தடவிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசலில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உருளையைத் திருப்பி அண்ணாச்சி பக்கம் தள்ளினாள்.

"ஒட்டல," என்றாள்.

"டீச்சர்," என்றார் அண்ணாச்சி.

"அம்மா, ஒட்டுது," என்றேன் நான்.

"நிறம் ஒட்டல. வா போவம்."

தெருவில் இறங்கி நடக்கும்போது நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி உருளையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் அந்த நேரம் என் வயிற்றெரிச்சலைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம்கூடக் கழுவாமல், கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாள். அது சித்தி விட்டுவிட்டுப் போன பெட்டி. இரண்டு வருஷமாக அதை யாரும் திறந்ததில்லை. பாச்சை வராமலிருக்க அந்துருண்டை போட மட்டும் அம்மா திறப்பாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூடியைத் தூக்கியதும் அந்த வாசம் அறை முழுவதும் அடித்தது. மேலாக இருந்த புத்தகங்களையும் ஒரு குடையையும் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு ரோஸ் தாவணியை எடுத்தாள். சித்தி கல்லூரியில் சேர்ந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய தாவணி. அவளுக்கு ரொம்பப் பிடித்தது. கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, வெயிலில் காய்ந்து, ரோஸ் என்று சொன்னால்தான் ரோஸ் என்று தெரியும்.

"இதுல கை வச்சிருவோம்," என்றாள் அம்மா.

நாலு கடை ஏறி, அச்சாக அதே நிறத்தில் கிடைத்த புதுத் துணியை ஒட்டவில்லை என்று தள்ளிவிட்டு வந்தவள், அந்துருண்டை நாறுகிற பழைய தாவணியைப் புதுக் கவுனுக்கு வைக்கப்போகிறாள். "இதுதான் ஒட்டவே இல்லை" என்று கத்தினேன். சாட்டின் எங்கே, இந்த வாயில் துணி எங்கே. அப்பாவை நியாயம் கேட்கக் கூப்பிட்டேன். அப்பா வந்து தாவணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவரைப் போல உதவாத மனிதர் வேறு யாரும் இல்லை என்று நான் முடிவு செய்தது அன்றுதான்.

அம்மா துணி வெட்டுவது எப்போதும் கிடுகிடுவென்று இருக்கும். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் இரண்டு கோடு, கத்திரிக்கோல், முடிந்தது. அன்று பாயில் தாவணியை விரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி, மறுபடியும் நீவி, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டுவதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது. கவுனின் அக்குளில் ஓரம் சுற்றித் தைத்திருந்த பைப்பிங்கை பிளேடால் பிரித்தபோது எனக்கே தோலை உரிப்பது போலிருந்தது. அப்போதும் திருப்பிப் பார்க்கவில்லை பாருங்கள், தோளை மட்டும் வெளியே இழுத்து வைத்துக்கொண்டு பிரித்தாள்.

தைத்து முடித்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன்.

"கையத் தூக்கு."

தூக்க வரவில்லை. தோள் இரண்டும் பின்பக்கமாக இழுத்துப் பிடித்தது.

"நல்லாத் தூக்குளா."

"வரல."

அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். இடது கையை வலது பக்கமும் வலது கையை இடது பக்கமும் வைத்துத் தைத்திருந்தாள். கையின் முன்வளைவு முதுகுப் பக்கம் போய்விட்டது. அம்மா தையலில் தப்பு செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்பா எட்டிப் பார்த்து, "போலீஸ் பிடிச்சுட்டுப் போற மாதிரி நிக்கா" என்றார். அம்மா அதற்குச் சண்டை போடவில்லை. கழற்றி வாங்கி, பிளேடை எடுத்து, பேசாமல் பிரிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று அந்தக் கவுனைத்தான் போட்டுக்கொண்டு விடியற்கால ஆராதனைக்குப் போனேன். முன்னால் இருந்து பார்த்தால் நடுவில் பளபளவென்று ஒரு ரோஸ், இரண்டு பக்கமும் வெளுத்துப்போன வேறொரு ரோஸ், அதுவும் முழங்கை வரைக்கும். இடுப்பில் உள்ளே ஏதோ ஒன்று சரசரவென்று உறுத்திக்கொண்டே இருந்தது. கடைத் தையல் அப்படித்தான் உறுத்தும் என்று அம்மா சொன்னாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி என்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை மட்டும் வேற துணியா இருக்கே டீச்சர், கடையில கெடைக்கலையா?" என்று கேட்டாள். அம்மாவின் தையலில் யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவர்கள் பாடு அவ்வளவுதான். அன்று அம்மா, "இல்ல, கெடைக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கோயில் வாசலில் நின்று கூசாமல் பொய் சொன்னாள்.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு அம்மா அப்பாவிடம், "இவளக் கூட்டிட்டு தருவைகுளம் போயிட்டு வாங்க" என்றாள். அப்பா கையில் சோற்றுப் பருக்கையோடு அப்படியே நின்றார். "கை வச்சுத்தான் போட்டோம்னு அவ பாக்கட்டும். நம்ம வீட்டுப் பிள்ள எப்படிப் போடும்னு அவளுக்குத் தெரியணும்லா."

என்னைக் காட்சிப் பொருளாகக் கொண்டுபோகிற திட்டம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தால் அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "இவ பஸ்ல வாந்தி எடுப்பா, ஒங்களுக்குப் பாக்கத் தெரியாது" என்றாள். நான் வாழ்நாளில் பஸ்ஸில் வாந்தி எடுத்ததே இல்லை. சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

தருவைகுளத்தில் இறங்கியதும் அம்மா, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த மாதா சிலை வைத்த கெபியின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேதான் நிழல் இருந்தது. எங்களுக்கு மாதாவை வணங்குகிற வழக்கம் இல்லாததால், மெழுகுவர்த்திகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். "நான் அவ வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னா சொன்னதுதான். நீங்க போயிட்டு வெரசா வாங்க."

சித்தி வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது, ஓரத்தில் வலை குவித்துக் கிடந்தது. கதவைத் திறந்தவள் சித்திதான். வயிறு அவளுக்கு முன்னால் வந்து நின்றது. அப்பாவைப் பார்த்ததும், "வாங்க அத்தான்" என்று சொல்லி, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பின்னால் நான்தான் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

என் கையைப் பிடித்தாள். கையை அல்ல, துணியை.

"இது ஏதுளா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளில் இந்தக் கையைப் பார்த்து இது என்ன கொடுமை என்று கேட்க ஒரு ஆள் கிடைத்தாள். "அம்மா வச்சது சித்தி. நீங்க தந்த நல்ல கவுன இப்படி ஆக்கிட்டாங்க. ஒங்க பெட்டியில கெடந்த தாவணி. அந்துருண்ட நாத்தம் இன்னும் போகல, வேணும்னா மோந்து பாருங்க."

சித்தி உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்தாள். அந்த வயிற்றோடு குனிவது கஷ்டம், ஆனாலும் குனிந்தாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. அவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எனக்கு இன்னும் தைரியம் வந்தது.

"பெட்டிய வச்சிருக்காளா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"கடையில துணி கெடைக்கலையாக்கும்," என்றாள் என்னிடம்.

"கெடைச்சுது சித்தி. அச்சா அதே கலர். அண்ணாச்சி ஏணியில ஏறி எடுத்துப் போட்டாங்க. அம்மாதான் ஒட்டலன்னு சொல்லிட்டாங்க."

"ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சு. அண்ணாச்சியும் சொன்னாங்க. அம்மா வாசல்ல கொண்டுபோயி ரொம்ப நேரம் பாத்துட்டு, வேண்டாம்னுட்டாங்க."

"இன்னொருக்கச் சொல்லு," என்றாள் சித்தி. நான் முதலிலிருந்து சொன்னேன். உருளை, ஏணி, வாசல் வெளிச்சம், ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே கேட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தோஷப்படுகிற மாதிரியும் இருந்தது. என் கவுன் கெட்டுப்போனதில் இவளுக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

பிறகுதான் அவள் கவுனின் அடியில் கையை விட்டு, வலைக்கும் லைனிங்குக்கும் நடுவில் தடவி, அந்தப் பிளாஸ்டிக் கவரை ஊக்கோடு பிடுங்கி எடுத்தாள். உள்ளே இரண்டு கை. ரோஸ் சாட்டின்.

"இதப் பாக்கவே இல்லையா நீங்க?" என்றாள் அப்பாவிடம்.

அப்பா கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல யாருக்கும்மா இதெல்லாம் தெரியும்," என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து தரையில் அடித்து அழ வேண்டும் போலிருந்தது.

"அக்கா வரலையா?"

"கெபிகிட்ட இருக்காங்க," என்றேன். அப்பா சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன்.

சித்தி கவரை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, போட்டிருந்த நைட்டியோடு, தலைகூட வாராமல், மணலில் நடக்க ஆரம்பித்தாள். அப்பா அவள் பின்னால் விரைந்தார். உள்ளேயிருந்து அவள் மாமியார் ஒரு தட்டு நிறைய மக்ரூனோடு வந்து பார்த்தபோது வாசலில் நான் மட்டும் நின்றேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

அம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள். சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்று கவரை நீட்டினாள்.

"ஏன்க்கா, கை உள்ளதான இருந்துச்சு. நான் அப்படி அனுப்புவனா?"

அம்மா கவரை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கவரைப் பிரித்து உள்ளே இருந்த கையைத் தடவினாள், தப்பு தன்மேல்தான் என்று தெரிந்துபோயிற்று. ஆனாலும் அம்மா அல்லவா.

"கடைக்காரன் வெட்டி வச்ச கைதான," என்றாள். "ஒரு இழுப்புக்குத் தாங்காது."

பிறகு குனிந்து சித்தியின் காலைப் பார்த்தாள். "ஏளா, செருப்பு எங்க? இந்த வயித்த வச்சுக்கிட்டு வெறுங்காலோடயா வருவ? ஒனக்கு எப்பத்தான் புத்தி வரும்?" சித்தி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அம்மாவும் அழுதாள். பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அம்மா சித்தியோடு போய், அந்த வாசலை மிதித்து, மாமியாரிடம் முறையாகச் சொல்லி, காபி குடித்து, சித்தியின் துணிமணியை எடுத்து வைத்துக் கிளம்பப் பொழுது சாய்ந்துவிட்டது. சித்தப்பா எங்களுக்கு பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் சித்தி, இந்தப் பக்கம் அம்மா, நடுவில் நசுங்கிக்கொண்டு நான். இப்போதாவது என் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் பேச்சை எடுத்தேன்.

"கடைக்கை இருக்குல்லா, அத எப்ப மாத்தித் தருவீங்க?"

சித்தி என் வலது கைத் துணியின் ஓரத்தை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "இதுவே நல்லாத்தான் இருக்குளா. இருக்கட்டும்" என்றாள்.

வந்து ஒரு பொழுது முடியவில்லை, அதற்குள் கட்சி மாறிவிட்டாள். கடையில் அதே நிறம் இருந்தது என்று என் வாயால் அத்தனை தடவை கேட்டாளே, அதை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பாள் என்று வீடு வரும்வரை காத்திருந்தேன். கேட்கவேயில்லை. அந்தக் கையோடுதான் அந்த வருஷம் முழுவதும் கோயிலுக்குப் போனேன். அம்மாவுக்கு நிறம் பார்க்கத் தெரியாது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.